ஏழு கட்டங்களுக்கு ஒரு பெயர்

படிவத்தின் ஆறாவது பக்கத்தில் ஸ்ரீதர் நான்கு நாட்களாக நின்றுபோயிருந்தான். இயந்திரம், இடம், மின்சாரம் எல்லாவற்றையும் 2005 முதல் 2011 வரை நிரப்பியாயிற்று. ‘நீங்கள் இல்லாதபோது முடிவெடுப்பவர்’ என்ற வரிசையில் மட்டும் ஆண்டுக்கு ஒன்றாக ஏழு கட்டங்கள் காலியாக இருந்தன.

படிவம் கார் கம்பெனியுடையது. அது தன் புதிய மாடலுக்கு ஏழு ஆண்டுகள் கதவுக் கீல் செய்துதர ஆள் தேடியது. கிடைத்தால் ஒரகடத்தில் இருக்கும் அவனுடைய பட்டறை நிலைக்கும். இல்லையென்றால் பழைய மாடலோடு அடுத்த ஆண்டே மூட வேண்டியதுதான். அதற்கு மேல் யோசிக்க உட்காரும்போதெல்லாம் எழுந்து போய் தகடு அடிக்கும் பிரஸ் அருகில் நின்றுகொள்வான். அந்தச் சத்தத்தில் இன்றைய நாள் மட்டும்தான் இருந்தது.

இன்று கார் கம்பெனியிலிருந்து ராமன் வந்திருந்தார். நரைத்த தலை, குறைந்த பேச்சு.

“ஒரு மூணு மணி நேரம் வெளிய இருங்க ஸ்ரீதர். போனும் வேணாம். நீங்க இல்லாம ஓடுதான்னு பாக்கணும்.”

எதிர் டீக்கடையில் உட்கார்ந்தான். பிரஸ் சத்தம் அங்கேயும் கேட்டது, நான்கு விநாடிக்கு ஒரு அடி. பதினொன்று பத்துக்கு பிரஸ் நின்றது.

காத்திருந்தான். கூரை விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, ஆகவே மின்சாரம் இருக்கிறது. பிறகு என்ன? இரண்டு மணிக்கு லாரி போக வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் அது ஒருநாளும் தாமதமானதில்லை. டீயைத் தொடாமல் எழுந்து கேட்டுக்குப் போனான்.

வாட்ச்மேன் நடேசன் குறுக்கே வந்தார். “உள்ள வுடக் கூடாதுன்னு சொல்லிகிறாங்க சார்.”

“யாரை?”

“உங்களத்தான்.”

“நடேசன், இது என் பட்டறை.”

“அத்த நானும் சொன்னேன் சார். அப்போ நல்லா பூட்டிக்கோன்னாரு அந்தக் கம்பெனிக்காரரு.” நாற்காலியை நிழலுக்குத் தள்ளினார். “குந்துங்க. வெயில்ல நின்னா மெஷின் ஓடிடுமா?”

ஐம்பத்திரண்டு நிமிடம் கழித்து பிரஸ் மறுபடி அடித்தது.

உள்ளே கூப்பிட்டபோது ராமனுக்குப் பக்கத்தில் லைனைப் பார்த்துக்கொள்ளும் பாண்டிச்செல்வி நின்றிருந்தாள். கோவில்பட்டிப் பக்கம், இருபத்திரண்டு வயது.

“டை ஓரம் ஒடைஞ்சிருந்துச்சு சார். காலைலருந்து அடிச்சதெல்லாம் பிசிறு. ஒதுக்கிட்டு மாத்து டையப் போட்டு ஓட்டுதோம்.”

“லாரி?”

“நாலு மணிக்குத்தான் போவும்னு இவுககிட்டயே சொல்லிட்டேன்.”

அவனாக இருந்தால் அச்சின் ஓரம் உடைந்ததற்கு பிரஸை நிறுத்தியிருக்க மாட்டான். நாலு பேரை உட்கார்த்திப் பிசிறைத் தேய்த்து இரண்டு மணிக்கே அனுப்பியிருப்பான்.

“இந்தப் பொண்ணு பேரையே எழுதுங்க” என்றார் ராமன். “நான் கெளம்பறதுக்குள்ள குடுத்துடுங்க.”

அறைக்குள் போய் ஏழு கட்டத்திலும் அவள் பெயரை எழுதினான். பிறகுதான் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் ஏழு கட்டத்தையும் விரல் வைத்து எண்ணினாள்.

“எனக்குத் தை மாசத்தோட பதினோரு மாசக் காண்ட்ராக்ட் முடியுது சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீக.”

அங்கே யாரும் பன்னிரண்டாம் மாதத்தைப் பார்த்ததில்லை. பார்த்தால் நிரந்தரம் கேட்பார்கள். அதனால் பதினொன்று முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிய ஆட்களை எடுப்பான். அவன் மிகக் கவனமாகப் போட்ட திட்டம் அது ஒன்றுதான். ஒன்பதே மாதத்தில் அவள் லைனில் மூத்தவள்.

“நிரந்தரமாக்கிடறேன்மா.”

“என்னைக்கு?”

“இப்பவே.”

“ஒங்களுக்கு அவசரம் சார்.” அவள் குரல் உயரவில்லை. “வேறொரு எடத்துலயும் வரச் சொல்லியிருக்காக. ஏழு வருசம்னா எனக்கு இருபத்தொம்பது ஆயிரும். யோசிக்கணும்லா? நாளைக்குச் சொல்லுதேன்.”

அவள் போய்விட்டாள். வெளியே கார் கிளம்பும் சத்தம். பெயர் எழுதித்தான் இருந்தது. அப்படியே கொடுத்தால் யாருக்கும் தெரியாது. அவன் ஆறாவது பக்கத்தைத் தனியே எடுத்து மேசைமேல் வைத்தான். மற்ற பக்கங்களோடு காருக்கு ஓடினான்.

ராமன் கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“ஒரு பக்கம் மட்டும் நாளைக்குத் தரேன் சார். அந்தப் பொண்ணு யோசிச்சுச் சொல்றேன்னிருக்கு.”

ராமன் மற்ற பக்கங்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு யோசிக்கட்டும்” என்றார். நாளைக்கு எத்தனை மணிக்கு என்று அவர் கேட்கவில்லை.