ஆகச் சிறிய அளவு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் செந்தமிழ்ச்செல்வி சொன்னது. சொல்லி முடித்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"எழுதுங்கண்ணா. ஆனா கடைசியில என்ன ஆச்சின்னு மட்டும் எழுதாதீங்க."

முடிவில்லாத கதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டேன். அது உங்கள் பாடு என்பதுபோல் பார்த்தாள்.

2

முதல் தொடக்கம்: "கடற்காற்று சிலுசிலுவென்று வீசிய அந்த மதிய வேளையில்..." (வேண்டாம். அவள் அலுவலகத்தில் ஏசி.)

இரண்டாவது: "உலகமே ஒரு திரைக்குள் சுருங்கிவிட்ட இக்காலத்தில்..." (இதை எழுதிய கையில் ஒன்று போட வேண்டும்.)

சரி, விஷயத்தையே சொல்கிறேன். கணினித் திரையில் ஒரு விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்தால் பெரிதாகிறது, உள்ளே தள்ளினால் சிறிதாகிறது. செல்வியின் வேலை அந்த மூலைகள்தான். அவள் கம்பெனி புதிதாக ஒரு கணினி முகப்பு செய்கிறது. அதில் ஓரம் எவ்வளவு தடிமன் இருந்தால் மவுஸுக்குப் பிடிபடும், ஒரு விண்டோவை எதுவரை சுருக்க விடலாம் என்றெல்லாம் முடிவு செய்பவள் அவள். இதற்குமா சம்பளம் தருகிறார்கள் என்று நான் கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆகச் சிறிய அளவை அவள் மிகவும் சிறிதாக வைத்தாள். கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டி. அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது.

3

அவளுடைய அப்பா கலியபெருமாள் மில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். (இருக்கிறார் என்று எழுதலாமா? இருந்தார் என்றா? எதை எழுதினாலும் வாக்கு மீறினவன் ஆவேன். பக்கவாதம் வந்து படுத்தவர் என்று விட்டுவிடுகிறேன்.)

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு கேமரா. அதில் தெரிவதை செல்வி அலுவலகத் திரையில் ஓரமாகத் திறந்து வைத்திருப்பாள். இந்த வேலையில் ஏதாவது ஒரு விண்டோவைத் திறந்து வைத்துத்தான் இழுத்து இழுத்துச் சோதிப்பார்கள். இவள் அப்பாவை வைத்துச் சோதித்தாள். மேலாளர் கமலக்கண்ணன் கண்ணில் படக்கூடாது என்று தீப்பெட்டி அளவில் அவரை மூலையில் ஒதுக்கிவைத்திருந்தாள்.

பகலில் பக்கத்து வீட்டு ஜெயம் அக்கா கஞ்சி கொடுத்துவிட்டுப் போனதும், அவர் கேமராவைப் பார்த்து இடது கையைத் தூக்குவார். நல்லா இருக்கேன் என்று அர்த்தம்.

"அன்னைக்கும் தூக்கினாருண்ணா. பாத்துட்டு நிம்மதியா வேலையப் பாத்தேன்."

"அப்புறம்?"

"அது கை இல்ல. கட்டில் கம்பியில போட்டிருந்த துண்டு. ஃபேன் காத்துல ஆடியிருக்கு. அந்த சைஸுல எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிது."

சாயங்காலம் ஜெயம் அக்கா போன் செய்தாள். "செல்வி, வேலைய வுட்டுட்டு ஒடனே வா." வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

4

கமலக்கண்ணனை வில்லனாக்கிப் பார்த்தேன். ஆள் ஒத்துவரவில்லை. தெரிந்திருந்தால், பெரிதாகவே வைத்துக்கொள்ளம்மா என்று சொல்லியிருக்கக்கூடிய மனுஷர்தான். இவள் அவரிடம் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

முடிவு ஒன்று: செல்வி வண்டியை நிறுத்திவிட்டு ஓடுகிறாள். கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தவரை ஜெயம் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள். "எங்கம்மா போன இவ்ளோ நேரம்" என்கிறார் குழறலாக. அவள் அவர் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் துடைக்கிறாள்.

முடிவு இரண்டு: செல்வி வண்டியை நிறுத்துகிறாள். வாசலில் செருப்புகள் நிறைய

(இதற்கு மேல் எழுத வரவில்லை. வந்தாலும் எழுதக்கூடாது.)

5

ஒன்றை மட்டும் எழுத அனுமதி கிடைத்தது. வேலைக்குத் திரும்பிய அன்று செல்வி அந்த ஆகச் சிறிய அளவை மாற்றினாள். கமலக்கண்ணன் மூலையைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏம்மா, இதுக்கு மேல சின்னதாகாதா?"

"ஆகாது சார்."

"எத வச்சி இந்த அளவு?"

"வெரலு தெரியணும் சார்."



இரண்டு முடிவில் எதற்குப் பிறகும் அவள் இதைச் சொல்லியிருக்கலாம். எது நடந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். உங்களுக்குத் தாங்குகிற முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிசா வச்ச என்று நானும் அவளைக் கேட்டேன். தன் இடது கையைத் தூக்கி விரித்து, என் முகத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.