பச்சைக் கோட்டின் மேல் கறுப்பு

1.

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. பிரான்சில் ரூவாங் நகரில் என் வீட்டுக்கு எதிரே உள்ள நாடகக் கொட்டகைக்கு ஒருநாள் பச்சைச் சட்டையில் போய்விட்டேன். ஒரு பழைய நடிகர் வாசலிலேயே மறித்துத் திட்டினார். மேடைக்காரர்களுக்குப் பச்சை ஆகாது. இத்தனை வருஷம் அந்த ஊரில் குடியிருந்தும் மறந்தது என் கொழுப்பு.

முதல் வரி இப்படி வந்தது: 'முன்னூறு ஆண்டுகளுக்கு முன், தெவ்ரே என்னும் மாபெரும் நாடகாசிரியர்...' வேண்டாம். பரீட்சைக்குப் படிப்பது போல் இருக்கிறது.

2.

தெவ்ரே நான் உண்டாக்கிய ஆள். (நூலகத்தில் தேடி அலையாதீர்கள்.) எழுதினார், பச்சைக் கோட்டு மாட்டி நடித்தார், ஊரைச் சிரிக்க வைத்தார், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவரை நேரில் பார்த்து வரைந்த ஓவியம் ஒன்றுதான் உண்டு. மனைவி மானோன் வரைந்தது. நடிகர்கள் கூடும் அறையில் தொங்குகிறது. அதில் கறுப்புக் கோட்டில் விறைப்பாக நிற்கிறார். சதுக்கத்துச் சிலை, பாடநூல் அட்டை, பிஸ்கட் டப்பா எல்லாம் அதைப் பார்த்துச் செய்தவை.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வதே தொழிலான க்ளோத்தீல்ட், கறுப்புக்கு அடியில் பச்சையைக் கண்டாள். பிற்கால நடிகர்கள் பயந்து பூசியது என்று முடிவுகட்டி, கோட்டின் இடது கையைத் துடைத்தெடுத்துவிட்டாள். எடுத்த பூச்சைத் திரும்ப வைக்க முடியாது.

3.

காஸ்பார் வந்து பார்த்தார். (என்னைத் திட்டியவரேதான். பெயரை மட்டும் மாற்றினேன்.)

"மேடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தப் படச் சட்டத்தைத் தொட்டுட்டுத்தான் போவோம், மேடம். இனிமே எவன் தொடுவான்?"

"உங்க பயத்துக்கு அந்த மனுஷன் கோட்டையே மூடி வெக்கணுமா, முசியே?"

சிரித்துக்கொண்டே கோட்டின் கழுத்துப்பட்டையைத் துடைக்க வந்தவள் நின்றுவிட்டாள். அந்தக் கறுப்பிலும் முகத்தில் உள்ள அதே தூரிகைப் போக்கு. அதே கை. கணவர் உயிரோடு இருந்தபோது பச்சையில் வரைந்த மானோன், அவர் போனபின் தானே துக்கக் கறுப்பால் மூடியிருக்கிறாள்.

(மானோனை ஓவியராக்கியது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்றோ? அந்த வரியை அடித்துப் பார்த்தேன். அவள் இல்லாமல் கதை நிற்கவில்லை.)

க்ளோத்தீல்ட் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவ அழுததையா துடைச்சேன்?"

காஸ்பார் இந்த முறை குறை சொல்லவில்லை. "கோட்டுல ஒரு கைதான் மேடம் போயிருக்கு."

4.

முடிவு ஒன்று: முழுவதும் துடைக்கிறாள். பச்சைக்கு நடுவே அந்த விறைத்த முகம், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் முகமாகிறது. தெவ்ரே ஊருக்குத் திரும்பக் கிடைக்கிறார். மானோன் போய்விடுகிறாள்.

முடிவு இரண்டு: இடது கைக்கு மறுபடி கறுப்புப் பூசுகிறாள். யாருக்கும் தெரியாது. ஆனால் அது துக்கம் இல்லை, வெறும் சாயம்.

முடிவு மூன்று: பாதியிலேயே விட்டு... இது என் கோழைத்தனம். அடித்துவிட்டேன்.

இன்று தெவ்ரே நாடகம். தரையில் மூன்று தட்டுத் தட்டினால் திரை ஏறும். காஸ்பார் கையில் கோலோடு, ஓவியத்தையே பார்த்து நிற்கிறார். க்ளோத்தீல்ட் ஈரப் பஞ்சை என்னிடம் நீட்டினாள். நான் மனைவியை இழந்தவன். என்னால் அதை வாங்க முடியவில்லை.

நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டின் வலது கையில் மானோன் இன்னும் இருக்கிறாள்.