பதினேழாம் கேள்வி

...தெரியாது என்பதும் ஒரு பதில்தானே, அதை எடுத்துவிட்டால் அப்படிச் சொன்னவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது, நூற்றுக்கு நாற்பது வீடு என்றால் சும்மாவா, என்று திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள் புள்ளியக்கா. புள்ளிவிவர அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம், வாயில் நுழையாத பதவிப் பெயர் ஒன்று உண்டு, கூப்பிடுவதென்னவோ எல்லாரும் புள்ளியக்காதான். நாட்டைவிட்டுப் போனவர்களின் கணக்கு ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, விமான நிலையம் ஒன்று சொல்கிறது, கடவுச்சீட்டு அலுவலகம் வேறொன்று சொல்கிறது, இதை நம்பி அரசாங்கம் என்ன திட்டம் போடும் என்று, வீடுவீடாகக் கேட்க முப்பது கேள்விகள் எழுதியவள் அவள். ஐந்நூறு வீடுகளில் கேட்டுப் பார்த்ததில் பதினேழாவது மட்டும் சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர் திரும்பி வருவாரா? ஆம், இல்லை, தெரியாது. இயக்குநர் காலையில் கூப்பிட்டுச் சொன்னார், கோபமாகக்கூட இல்லை, "வர்றவங்களுக்கு வேலை பாக்கணும், வராதவங்களுக்கு வேற ஏற்பாடு. தெரியாதுங்கிறத வச்சு என்னம்மா பண்றது? மூணு மணிக் கூட்டத்துக்குள்ள அந்தக் கட்டத்த எடுத்துடுங்க." நியாயம்தான், அவர் கவலை அவருக்கு... ஆனால் அவளே ஒருநாள் நேரில் போய்க் கேட்ட அந்த பஸ் கண்டக்டர்? ஓய்வுபெற்ற மனுஷர், மகன் போய்ப் பதினோரு வருஷம், தெரியாது என்று சொல்லிவிட்டு வாசல்வரை பின்னாலேயே வந்தார், வருவான்னே போட்டுக்குங்க என்றார், தெருமுனை தாண்டுவதற்குள் ஓடிவந்து, வேண்டாம், முதல்ல சொன்னதே இருக்கட்டும் என்றார். அந்த மூச்சிரைப்பை எந்தக் கட்டத்தில் போடுவது?

சரி, வேறு வீட்டுப் படிவம் எதற்கு, நம் வீட்டையே போட்டுப் பார்ப்போம் என்று தட்டச்சினாள். வீட்டில் இருப்பவர் ஒன்று. வெளிநாட்டில் இருப்பவர் ஒன்று, மகள், செவிலியர், ஒன்பது வருஷம். பதினேழில் விரல் நின்றது. ஞாயிறுதோறும் பேசுகிறார்களே, மழையா, முழங்கால் எப்படி, சாப்பிட்டாயா, பத்து நிமிஷம்... ஊரையெல்லாம் கேட்கச் சொல்லி ஆள் அனுப்பியவள் பெற்ற பெண்ணிடம் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை. ஏன்? இல்லை என்று சொல்லிவிட்டால்? வேண்டாத பதிலைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானேன்... மூன்றாக இருபது நிமிஷம் இருந்தது. அழைத்தாள். கிழமை தப்பி வந்த அழைப்பில் மகள் பதறிப்போனாள். ஒன்றுமில்லை, ஆபீஸில் ஒரு படிவம், சோதனைக்கு நிரப்புகிறேன் என்று அதிகாரிக் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டாள், "நீ திரும்பி வருவியா?"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் விட்டுவிட்டு ஒலித்தது. "தெரியலம்மா," என்றாள் மகள். பிறகு, மெதுவாக, "நீ ஒரு தடவையாவது வான்னு சொல்லியிருக்கியா?"

சொல்லவில்லைதான். வழியனுப்பும்போதுகூட உன் வாழ்க்கையைப் பார் என்றல்லவா சொன்னாள், பெருந்தன்மை என்று நினைத்துச் சொன்னது, அது அந்தப் பெண்ணின் காதில் என்னவாக விழுந்தது? முப்பது கேள்வியும் போனவர்களைப் பற்றித்தான், இருக்கிறவர்கள் கூப்பிட்டார்களா என்று ஒன்றுகூட இல்லையே... கூட்டத்துக்கு எல்லாரும் வந்தாயிற்று என்று கதவருகில் ஆள் வந்து நின்றது. கட்டத்தை அவள் இன்னும் எடுக்கவில்லை. மகள் இணைப்பில்தான் இருந்தாள், மூச்சு கேட்டது. வா என்பது ஒரே ஓர் எழுத்து, அதைச் சொல்ல ஒன்பது வருஷமா ஆகும்...