இருபத்தொரு பை ஆப்பிள்

முப்பது கிலோ பச்சை ஆப்பிளை மூன்று பெட்டியில் அடைத்து, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான் என் தம்பி. நான் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"டேய், சலூனை மூடிட்டுப் பழக்கடை வைக்கப்போறியா?"

"கத்தாதேக்கா. பழக்காரர் சொல்லிட்டாரு, இதான் கடைசி வரத்தாம். இனிமே பச்சை ஆப்பிள் வர ரெண்டு மாசம் ஆகுமாம்."

அதைக் கேட்டதும் எழுந்து போய் ஒரு பெட்டியை இறக்கினேன். உள்ளே கட்டிலில் தம்பி பெண்டாட்டி படுத்திருந்தாள். வாயும் வயிறுமாக இருக்கிறாள், மூன்றாம் மாதம். எதைத் தின்றாலும் அடுத்த நிமிஷம் வாஷ்பேசினுக்கு ஓடுவாள். சோறு வேகிற வாசனை வந்தாலே போதும், குடலைப் பிரட்டும். வயிற்றில் தங்குவது ஒன்றே ஒன்றுதான், புளிப்பான பச்சை ஆப்பிள். அதுவும் சில்லென்று இருக்க வேண்டும். போன மாதம் அவளுக்குத் தைத்த பாவாடையை இந்த மாதம் ஒன்றரை அங்குலம் பிடித்துக் கொடுத்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்பு ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா? டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார், இன்னும் ஒரு கிலோ குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று. ஊசி என்றாலே அவளுக்கு உயிர் போய்விடும். எங்களுக்கோ வயிற்றில் இருக்கிற பிள்ளையை நினைத்துத் தூக்கமே போய்விட்டது.

நாத்தனார் என்றாலே கொடுமைக்காரி என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நான் கொடுமைக்காரிதான், ஆனால் தம்பிக்கு மட்டும்.

இரண்டு மாதமும் கெடாமல் இருக்க ஆப்பிளை வெட்டி ஃப்ரீசரில் வைப்பது என்று முடிவானது. முடிவு செய்தது நாங்கள் இல்லை, சலூன். கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். தோலோடு போடச் சொன்னார் தபால்காரர். முழுசாகப் போடச் சொன்னார் லாரி டிரைவர். இந்த மகராசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தன் இஷ்டத்துக்குச் செய்தான்.

தோல் சீவுவதில் அவனைக் குறை சொல்ல முடியாது. கத்தி பிடித்தே வளர்ந்த கை, தோல் அறுபடாமல் நாடா போல இறங்கியது. ஒரு பெட்டியை முழுசாகச் சீவி, நறுக்கி, பைகளில் கொட்டி, ஃப்ரீசரில் திணித்தான். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பையும் ஒரு செங்கல். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகக் கிடந்தன. அடுப்படித் தரையில் உட்கார்ந்து சுத்தியலால் அடித்தான். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "சுவரை இடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டான். கட்டி கரைந்தது, கூடவே ஆப்பிளும் பழுப்பு நிறத்தில் கூழாகிவிட்டது. அதைப் பார்த்த மாத்திரத்தில் அவள் வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

இரண்டாவது பெட்டிக்கு மருந்துக்கடைக்காரர் யோசனை சொன்னார். மனுஷனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. துண்டுகளைத் தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி முதலில் உறையவிட வேண்டுமாம், பிறகுதான் பையில் போட வேண்டுமாம். கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு தடவ வேண்டுமாம். தம்பி ஒன்றுவிடாமல் செய்தான். மறுநாள் பையைக் குலுக்கினால் சோழி மாதிரி கலகலவென்று சத்தம். துண்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"பரவாயில்லையே, உனக்குக்கூட மூளை இருக்கு," என்றேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அவள் ஆசையாகப் பையைப் பிரித்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுருங்கியது.

"என்னங்க, இதுல உங்க கடை வாசனை அடிக்குது." சொல்லி முடிப்பதற்குள் எழுந்து ஓடினாள்.

நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். அப்போதுதான் சவரம் செய்த கன்னத்தைக் கடித்த மாதிரி இருந்தது.

"எலுமிச்சைச் சாறை எதுல வச்சுடா தடவினே?"

"தடவலக்கா, பீச்சினேன். கடையில இருக்குற ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி. எல்லா இடத்துலயும் ஒண்ணுபோல படுமேன்னு."

"அதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"ஆஃப்டர் ஷேவ் லோஷன். ஆனா நல்லா கழுவினேன்க்கா. ரெண்டு தடவை."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பத்து கிலோ ஆப்பிளுக்கும் சவரம் செய்து விட்டாயே பாவி, பிறக்கப்போகிற பிள்ளைக்கு இப்போதே தாடி எடுக்கிறாயா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பான். அன்றைக்குப் பையை மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பயமா இருக்குக்கா. அவ கையைப் பிடிச்சா எலும்புதான் தட்டுப்படுது."

இவனைப் போய்த் திட்டினேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

மிச்சம் ஒரே ஒரு பெட்டி. சலூன் விடுமுறை நாளன்று மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு நானே களத்தில் இறங்கினேன். முதல் வேலையாக அவன் கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவ வைத்தேன். பாத்திரத்தில் தண்ணீர், அதில் எலுமிச்சைச் சாறு. அவன் சீவி நறுக்கிப் போட, நான் அள்ளி வடித்துத் துணியில் ஒற்றித் தட்டில் அடுக்கினேன். அவள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"அண்ணி, அந்த ஓரத்துல ரெண்டு துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு."

"ஆமா, உங்க ரெண்டு பேரு மாதிரி," என்றேன். அவள் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு!

இருபத்தொரு பை வந்தது. நாளைக்கு ஒன்று என்றால் மூன்று வாரம். அதற்கப்புறம் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

உருகவிட்டால் துவண்டுவிடும் என்பதால் துண்டுகளைக் கல்லாக இருக்கும்போதே வாயில் போட்டு, அடக்கிவைத்துச் சப்பித் தின்றாள். ஒரு துண்டுகூட வெளியே வரவில்லை. இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா எடை பார்த்தார். ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "இப்படியே போகட்டும், பார்ப்போம்," என்றார். தம்பி அவருக்கு ஆயுசுக்கும் இலவசமாக முடி வெட்டுவதாகச் சொன்னான். டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆனால் பை குறைந்துகொண்டே வந்தது. தம்பி நாளைக்கு நாலு தடவை ஃப்ரீசரைத் திறந்து எண்ணுவான். திறந்து திறந்து மூடினால் உருகிவிடும் என்று நான் ஒவ்வொரு தடவையும் கத்துவேன். ஊரில் உள்ள பழக்கடை எல்லாம் ஏறி இறங்கினான், பச்சை ஆப்பிள் எங்கேயும் இல்லை. இரண்டே பைதான் பாக்கி என்ற நாளில் அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அன்று மத்தியானமும் வழக்கம்போல அடுப்படிக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவைத்து, திருடர்கள் மாதிரி எங்கள் இருவருக்கும் சமைத்தேன். சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். என் தட்டில் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைக்கப்போனேன். தம்பி அவளுக்காக ஃப்ரீசரிலிருந்து பையை எடுத்தான். அடுப்படிக் கதவு திறந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வராதேம்மா, வாசனை..." என்று தட்டை மறைத்தேன்.

அவள் காதிலேயே வாங்கவில்லை. வந்தாள், என் கையிலிருந்த தட்டை வாங்கினாள், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தம்பி மூச்சுவிடுகிறானா என்றே தெரியவில்லை. இப்போது எழுந்து ஓடுவாள், இதோ ஓடுவாள் என்று இருவரும் காத்திருந்தோம். அவள் உருளைக்கிழங்கைத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டே இருந்தாள். தட்டு காலியாயிற்று. தம்பியின் கையிலிருந்த பை உருகித் தண்ணீர் அவன் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கையில என்ன?"

"ஆப்பிள்மா. உனக்குத்தான்."

"அதை நீங்களே தின்னுங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."

போட்டான். பானையைச் சுரண்டி, கடைசிப் பருக்கை வரை போட்டான். அவள் அதையும் தின்று முடித்து, கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்தாள். அடுத்த நிமிஷம் குறட்டைச் சத்தம் கேட்டது. எங்களுக்குச் சோறு இல்லை. அடுப்படித் தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, துவண்டுபோன அந்த ஆப்பிளை அக்காவும் தம்பியும் பங்கு போட்டுத் தின்றோம். அவன் அழுதுகொண்டே தின்றான். நானும்தான்.