சவரிராயர் வழி

மாதா கோவிலை ஒட்டிய மண்டபத்தில், அந்தச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, ஒன்பது குடும்பங்களின் பெருமை சுருட்டிக் கட்டி மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. 1931ஆம் வருஷம். கோவில் சங்கத்தின் வெள்ளி விழாவுக்கு ஓட்டப்பந்தயம் வைத்திருக்கலாம், பாட்டுப் போட்டி வைத்திருக்கலாம். யாருக்கோ புத்தி இப்படிப் போயிருக்கிறது: பினாங்கில் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் எதன் வேர் ஆழமானது என்று ஒரு வம்சாவளிப் போட்டி. ஜெயித்தவருக்கு வெள்ளிக் கோப்பை. அவர் வரைந்த வம்ச மரம் கண்ணாடி போட்டு மண்டபச் சுவரில் என்றைக்கும் தொங்கும். விடுவார்களா நம்மவர்கள்? மூன்று மாதமாகக் கல்லறைத் தோட்டத்தில் உயிரோடிருப்பவர்களின் நடமாட்டம்தான் அதிகம்.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த பாக்கியநாதன் மற்றவர்களைப் போலக் கோப்பைக்காகக் கிளம்பியவர் அல்ல. கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. சுங்கை பினாங்கில் வாடகை வீடு. பதினொரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கல்லறைக் கற்களிலும் கோவில் பதிவேடுகளிலும் தன் குடும்பத்தைத் தேடி வருகிறவர். எழுதி எடுத்த தாள் ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. எல்லாம் ஒரு கான்வாஸ் பையில் இருக்கும். பை அவர் தோளில் இருக்கும். "ஒரு நாளைக்கு அந்தப் பையை அடுப்புல வைக்கிறேனா இல்லையா பாருங்க" என்று அவர் மனைவி அமலம்மாள் அந்தப் பை வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் பெண்கள் பக்கத்தில், மகள் லீனாவின் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

லீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பீட்டர், துறைமுக அலுவலகத்துத் தலைமைக் குமாஸ்தா அந்தோணிராஜின் ஒரே மகன். கோவிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. நாளைக் காலைப் பூசையில் மூன்றாம் ஓலை. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கடைசித் தடவையாகக் கேட்பார். பாக்கியநாதன் போன மாசமே அந்தோணிராஜைச் "சம்பந்தி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அந்தோணிராஜோ இன்னும் "மிஸ்டர் பாக்கியநாதன்" என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் போட்டிக்குப் பெயர் கொடுத்ததே பாக்கியநாதனுக்குப் பட்டியலை ஒட்டிய பிறகுதான் தெரியும். வரைந்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை. போட்டி என்றால் சம்பந்தியும் எதிராளிதானே.

நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் பங்குச் சாமியார், பிரெஞ்சுக்காரர். இன்னொருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ராமதாஸ். இந்து ஆனபடியால் எந்தக் குடும்பத்துக்கும் சாயமாட்டார் என்று அழைத்திருந்தார்கள். சுருளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுவரில் மாட்டும் வேலை பீட்டருக்கு. நான்கு சுருள் முடிந்தது. ஐந்தாவது அந்தோணிராஜுடையது.

"ஆதி முதல்வர், பாலிக் புலாவ் சவரிராயர்" என்று ராமதாஸ் உரக்கப் படித்தார்.

மண்டபத்தில் ஒரு மரியாதைச் சலசலப்பு எழுந்தது. சவரிராயரைத் தெரியாதவர்கள் கிடையாது. அந்தக் காலத்திலேயே பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோப்பு வைத்திருந்தவர். அங்கே முதல் சிற்றாலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தவர்.

"அவர் மகன் அருளப்பன். அவர் மகன் சேசு. அவர் மகன் அந்தோணிராஜ். அவர் மகன் பீட்டர்."

பாக்கியநாதன் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். ஏனென்றால் மேசையில் அடுத்து இருந்த ஆறாவது சுருள் அவருடையது. அதன் உச்சியிலும் சவரிராயர்தான் இருந்தார்.

சவரிராயர் மகன் ஞானப்பிரகாசம், அவர் மகன் சூசை, அவர் மகன் பாக்கியநாதன், அவர் மகள் லீனா. சுருளைப் பிரித்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ஆண்வழிக் கொடியில், ஒரே தலைமுறையில், பங்காளிகளாகப் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவார்கள். நம் ஜனங்களிடம் பங்காளி முறைக்குத் தலைமுறைக் கணக்கு உண்டா என்ன? அண்ணன் தங்கை என்றால் அண்ணன் தங்கைதான்.

இதில் கொடுமை என்னவென்றால், தன் மரத்தின் உச்சியில் இருப்பது பொய் என்று பாக்கியநாதனுக்குத் தெரியும். பதினொரு வருஷத்தில் அவர் எழுதிய ஒரே பொய். "நாம சவரிராயர் வழி" என்று அப்பா சொல்வார். தாத்தாவின் கல்லறைக் கல்லிலும் 'ச. ஞானப்பிரகாசம்' என்றே வெட்டியிருந்தது. முந்தின மாசம்தான் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பிரதியெடுத்துக் கோவில் முத்திரை வாங்கியபோது விஷயம் விளங்கியது. கப்பலில் வந்து இறங்கி இங்கே வேதத்தில் சேர்ந்தவர்கள், தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஞானஸ்நானத்துக்குத் துணை நின்ற ஞானத்தகப்பன் பெயரைத் தலையெழுத்தாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் பெற்ற தாத்தாவைக் கையில் ஏந்தாமல் தோளைத் தொட்டு நின்ற ஞானத்தகப்பன்தான் சவரிராயர். அந்தப் பிரதியை அவர் பையின் அடியில் தள்ளிவிட்டு, கல்லறைக் கல்லை ஆதாரமாகக் காட்டி மரத்தை வரைந்தார். ஆசை யாரை விட்டது.

அவர் குனிந்து முன் வரிசைக்கு நகர்ந்து அந்தோணிராஜின் காதருகே போனார்.

"சம்பந்தி, ஒரு நிமிஷம். உங்க அருளப்பர் நெசமாவே சவரிராயருக்குப் பொறந்த மகனா?"

அந்தோணிராஜ் கழுத்தைத் திருப்பவில்லை. "என்ன கேள்வி இது மிஸ்டர் பாக்கியநாதன்? கல்லறையில 'ச.' போட்டிருக்குல்ல, கண்ணு தெரியலையா?"

"என்னுதுலயும் அவர்தான் சம்பந்தி உச்சியில. பிரிச்சா புள்ளைங்க கதி என்னாகும்? பெரிய மனசு பண்ணி நீங்க..."

"நான் ஏன் எடுக்கணும்? வேணும்னா நீங்க எடுத்துக்குங்க-லா."

எடுப்பதற்கு நேரம் எங்கே இருந்தது? மாமனார் மேல் உள்ள மரியாதையில் பீட்டர் ஆறாவது சுருளை மற்றவற்றைவிடப் பதமாகவே பிரித்து, தன் குடும்பத்து மரத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான்.

"ஆதி முதல்வர்..." என்று தொடங்கிய ராமதாஸ் நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பாலிக் புலாவ் சவரிராயர்" என்று மெதுவாக முடித்தார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பெண்கள் பக்கத்தில் அந்தோணிராஜின் அக்கா ரீத்தம்மாள் மட்டும் விரலை நீட்டி இரண்டு மரத்திலும் மேலிருந்து கீழே எண்ணினாள். எண்ணி முடித்ததும் எழுந்தே விட்டாள்.

"அடப் பாவிங்களா! அப்ப இது அண்ணன் தங்கச்சி-லா! சாமி, நாளைக்கு என்ன ஓலை வாசிக்கப் போறீங்க?"

மண்டபம் தேன்கூட்டைக் கலைத்தது போல ஆயிற்று. சாமியார் கையை உயர்த்தினார். அவர் தமிழ் கொஞ்சம் தடுக்கினாலும் தெளிவாகத்தான் இருக்கும். "பொறுங்கள். நாலாம் தலைமுறை. திருச்சபைச் சட்டம் இதைத் தடை செய்யவில்லை."

"சட்டம் தடுக்கலைன்னா முறை மாறிடுமா சாமி? பங்காளி வீட்டுல பொண்ணு எடுத்தோம்னு ஊர் சிரிக்கும். எங்க வீட்டுக்கு இந்தப் பொண்ணு வேணாம்" என்றாள் ரீத்தம்மாள். அந்தோணிராஜ் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரோரம் நின்ற பீட்டர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றான். லீனா தலை நிமிரவில்லை. அமலம்மாள் புருஷனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை; என்ன பண்ணித் தொலைத்தீர்கள் என்ற பயம்தான் இருந்தது. அதுதான் அவரை எழுப்பியது.

"சார்" என்றார். நடுவர் மேசை வரைக்கும் நடந்து போனார். "சார், என் மரம் தப்பு."

பையைத் தரையில் கவிழ்த்தார். பதினொரு வருஷத் தாளும் பரவியது. அடியில் கிடந்ததை எடுத்துக் குறுக்கே பாதியாக மடித்து, மேல் பாதியைப் பார்த்து வாசித்தார்.

"ஞானஸ்நானம் 1842. பேர் ஞானப்பிரகாசம். வயசு இருபத்திரண்டு. கப்பல் கூலி. ஊர் நாகூர்ப் பக்கம். தகப்பன் பேர்..." அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டார். "தகப்பன் பேர் தெரியாது. ஞானத்தகப்பன் சவரிராயர்."

தாளைத் தாழ்த்திக்கொண்டு ரீத்தம்மாள் பக்கம் திரும்பினார்.

"எங்க தாத்தா அவருக்குப் பொறந்தவர் இல்ல. அவர் பேரை வச்சுக்கிட்டவர், அவ்வளவுதான். தெரிஞ்சும் எழுதிட்டேன். எனக்குக் கோப்பை வேணாம். எங்களுக்கும் அவங்களுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. எம் பொண்ணை விட்டுருங்க."

மூன்று தலைமுறையாகச் சொல்லிச் சொல்லிக் காத்த பெருமை அரை நிமிஷத்தில் போய்விட்டது. பின்வரிசையில் யாரோ "கப்பல் கூலியாமே" என்றார்கள். என்னமோ அவர்கள் பாட்டனெல்லாம் பல்லக்கில் வந்து இறங்கியது போல.

ரீத்தம்மாள் உட்கார்ந்தாள். விவகாரம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நாற்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியவரை அவ்வளவு லேசில் ஏமாற்ற முடியுமா? ராமதாஸ் இரண்டு மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஸ்டர் பாக்கியநாதன், உங்க தாத்தா பேருக்கு முன்னால இருக்கிற 'ச.' ஞானத்தகப்பனைக் குறிக்குதுன்னா, அருளப்பருக்கு முன்னால இருக்கிற 'ச.' யாரைக் குறிக்குது? அந்தத் தாளைக் கொடுங்க. முழுப் பக்கமும் பார்க்கணும்."

அந்தோணிராஜின் கழுத்து முதல் தடவையாகத் திரும்பியது. அந்த முகத்தைப் பார்த்ததும் பாக்கியநாதனுக்கு ஒன்று உறுதியாயிற்று: மனுஷனுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. சவரிராயர் ஞானத்தகப்பனாக நின்ற பதிவு எதையோ அவரும் பார்த்திருக்கிறார், பார்த்ததும் மூடியிருக்கிறார். மடித்த தாளின் கீழ்ப் பாதியில், ஞானப்பிரகாசத்துக்கு அடுத்த வரியாக அருளப்பன் இருந்தார். அதே நாள், அதே ஞானத்தகப்பன்.

கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். இத்தனை பேர் முன்னால் தலை குனிந்த அந்தோணிராஜ் அதன் பிறகு தன் வீட்டு வாசலில் லீனாவை ஏற்றுவாரா? ஏற்றாலும் ஒரு நாளாவது நிம்மதியாக வைத்திருப்பாரா? மாட்டார். அது சபை முழுக்கத் தெரிந்த விஷயம்.

பாக்கியநாதன் தாளை மடிப்போடு கிழித்தார். பதினொரு வருஷத்தில் அவர் கிழித்த முதல் தாள். அந்தச் சத்தம் அவருக்கே நெஞ்சில் இறங்கியது. கோவில் முத்திரை குத்திய மேல் பாதியை மேசையில் வைத்தார். கீழ்ப் பாதி சட்டைப் பைக்குள் போயிற்று.

"மீதி?" என்றார் ராமதாஸ்.

"அதுல இருக்கறது என் குடும்பம் இல்ல சார்."

"விதிப்படி கேட்கிறேன். அந்தோணிராஜ் அவர்களோட வம்ச மரத்து மேல உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

சாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பீட்டர் பார்த்துக்கொண்டிருந்தான். லீனாவும் இப்போது நிமிர்ந்திருந்தாள்.

"இல்ல சார்" என்றார் பாக்கியநாதன்.

மேல் பாதியைக் கையில் எடுத்த சாமியார், "இது என் அலுவலக முத்திரை. எனக்கு இது போதும். நாளைக்கு ஓலை வாசிப்பேன்" என்றார். ராமதாஸ் நெடுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு மிச்ச மூன்று சுருளும் பிரிந்தன. கோப்பை அந்தோணிராஜுக்குப் போயிற்று. கைதட்டல் இருந்தது, பலமாக என்று சொல்ல முடியாது.

கூட்டம் கலைந்தபோது பாக்கியநாதன் தரையில் மண்டியிட்டுத் தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பளபளத்த இரண்டு பூட்ஸ் எதிரே வந்து நின்றது. அந்தோணிராஜ் கோப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். என்ன வேண்டும் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. பாக்கியநாதன் சட்டைப் பையிலிருந்து கீழ்ப் பாதியை எடுத்துக் கொடுத்தார்.

அந்தோணிராஜ் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அருளப்பன், வயசு பத்தொன்பது. தகப்பன் பேர் தெரியாது. அதெல்லாம் அவர் எதிர்பார்த்ததுதான் போலும், முகம் மாறவில்லை. ஒரு இடம் வந்ததும் உதடு துடித்தது.

"பாளையங்கோட்டையா?" என்றார். "எங்க ஊரு பாளையங்கோட்டையா? எங்கப்பா சாகற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு, நம்ம ஊரு எதுடா, எதுடான்னு. ஞானத்தகப்பன்னு பாத்ததுமே பதிவேட்டை மூடிட்டேன். பக்கத்துக் கட்டத்தைப் படிக்கவே இல்ல."

தலைமைக் குமாஸ்தா அழுவதை அன்றுவரை யாரும் பார்த்ததில்லை. பாக்கியநாதன் எழுந்து, பையின் வாரைப் பிடித்தபடி நின்றார். அந்தோணிராஜ் தாளை நாலாக மடித்து நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தார்.

"நாளைக்கு ஓலை வாசிக்கறப்ப என் பக்கத்துல வந்து உக்காருங்க, சம்பந்தி."

இருவரும் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து ராமதாஸின் குரல் கேட்டது. "மிஸ்டர் அந்தோணிராஜ், கோப்பையை மறந்துட்டுப் போறீங்களே!"

அந்தோணிராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது சவரிராயரோடது சார். இங்கேயே இருக்கட்டும்."