இரண்டாவது ரீல்

தங்கை வாங்கித் தந்த நீலச் சேலை என் பெட்டிக்குள்ளேயே இரண்டு பொங்கலைக் கழித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் பார்ப்பேன், மடித்து வைப்பேன். கணவர் இறந்து நான்கு வருடமாக வெள்ளைதான். நிறம் உடுத்தாதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வீம்புக்காவது உடுத்தியிருப்பேன்.

1961 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, கல்வித்துறையின் பட வேன் திருச்சியிலிருந்து திருமயத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு வந்தது. எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு ஜப்பான் கிராமம் ஒன்றைப் பற்றிய கலர்ப் படம். வகுப்பறை ஜன்னல்களைச் சாக்கால் மூடினோம். இங்கிலீஷ் விளக்கத்தை நான் தமிழில் சொல்ல வேண்டும்.

நாற்று நடவு வந்ததும் ஒரே குதூகலம். "நம்ம ஊரு மாதிரியேதான்டி நடுறாங்க!"

பிறகு ஒரு வீட்டு வாசல். தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்திய இளம்பெண் ஒருத்தி, குனிந்த முகத்தோடு படியிறங்கினாள். உறவுக்காரர்கள் பின்னால் வந்தார்கள்.

"அடப் பாவமே, சின்னப் பொண்ணு! புருசன் எப்படிச் செத்தானோ?" என்றாள் கண்ணாத்தாள்.

"அவளப் போயி முன்னால விடுறாங்களே, போற காரியம் வெளங்குமா?" என்றாள் காத்தாயி.

விளக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலையில் நான் தெருவில் வரும்போது, வெளியூர் கிளம்புகிறவர்கள் வாசலிலேயே நின்று, நான் கடந்த பிறகுதான் இறங்குவார்கள். அது எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

முதல் ரீல் முடிந்தது. படம் ஓட்டும் வெள்ளைச்சாமி விளக்கைப் போட்டார். அத்தனை கண்களும் என் சேலை மேல். காத்தாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அவதான் கல்யாணப் பொண்ணு" என்றேன்.

"வெள்ளையிலயா? பொய் சொல்லாதீங்க டீச்சர்!"

"தாலி எங்கிட்டு?"

"அங்கே தாலி கிடையாது."

"அப்ப எதப் பாத்துக் கண்டுபிடிக்கிறது?"

"பாத்து முடிவு பண்ணக் கூடாது. கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

"அண்ணே, சீக்கிரம் அடுத்த ரீலப் போடுங்க" என்று கத்தினார்கள்.

இரண்டாவது ரீலில் விருந்து. பெண் உள்ளே போய், பூப்போட்ட சிவப்பு உடைக்கு மாறி வந்து உட்கார்ந்தாள். அறை முழுக்கக் கைதட்டல். அது அடங்கும்போது இருட்டுக்குள்ளிருந்து காத்தாயியின் குரல் வந்தது.

"அவ மாத்திட்டா. நம்ம டீச்சர் எப்ப மாத்துவாங்க?"

யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். அழுகை வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை நீலச் சேலையில் தெருவில் இறங்கினேன். பஸ்ஸுக்குக் கிளம்பிய எதிர்வீட்டு அழகுமலை வழக்கம்போல வாசலில் நின்றார். என் சேலையைப் பார்த்ததும் நிற்பதா இறங்குவதா என்று புரியாமல், ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாகத் திகைத்தார்.

"இறங்குங்க, பஸ் போயிரும்" என்றேன்.

வகுப்பில் எல்லோரும் எழுந்தார்கள். வணக்கம் சொல்ல மறந்துபோனார்கள். காத்தாயி மட்டும் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

"ரெண்டாவது ரீலுடி!"

எனக்குக் காதில் விழாததுபோல வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். கண்ணாத்தாள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன். அவளும் இரண்டு தடவை "உள்ளேன்" சொன்னாள்.