திட்டி வாங்கக் கூடாத அலமாரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு வசையிலிருந்து கிடைத்தது. பழம்பொருள் கடையில் ஒரு கண்ணாடி அலமாரியைப் பார்த்து என் அக்கா சொன்னாள்: "இது என்னடா, விருந்து சாப்பிட்டு எந்திரிக்க முடியாதவன் மாதிரி வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது?"

மற்றதெல்லாம் அந்த ஒரு வரியைச் சுற்றிக் கட்டியது. சில இடங்களில் பூச்சு இன்னும் காயவில்லை. தொட வேண்டாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

(காலத்தின் தூசு படிந்த அந்தக் கடைக்குள் நுழைந்தபோது—)

விட்டுவிட்டேன். அந்தக் கடையில் தூசு இல்லை. கடைக்காரர் தோளில் துணியோடு அலைகிறவர். நின்று பேசும்போதும் கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும்.

பிறகு:

(ஒவ்வொரு பழைய பொருளும் நமக்கு ஒரு கதை சொல்—)

இல்லை. பொருள்கள் சும்மா இருக்கின்றன. பேசுவது நாம்தான். அதனால் அக்காவிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

அக்கா பல் மருத்துவர். விடுமுறை நாளில் பழம்பொருள் கடைகளுக்குப் போவாள். கைப்பையில் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி இருக்கும். மேசை இழுப்பறையைத் திறந்து, அந்தக் கண்ணாடியை உள்ளே விட்டு, பின்பக்க மூட்டுகளைப் பார்ப்பாள். இழுப்பறை திறக்க மறுத்தால் "ஆ காட்டு" என்பாள்.

(இந்த இடத்தில் வாசகர் நம்பமாட்டார் என்று தோன்றியது. கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அக்கா யாரோ ஆகிவிட்டாள். திரும்ப வைத்துவிட்டேன்.)

அவள் வீட்டில் இருக்கும் எல்லாமே இப்படி வந்தவை. மூன்று மடிப்பு மரத் தட்டி. கழுத்து நீண்ட பித்தளை விளக்கு. நீலப் பூப்போட்ட பீங்கான் ஜாடி, அதன் மூடி வேறொரு ஜாடியினுடையது. ஒன்றோடு ஒன்று சேராத பொருள்கள். அவள் வைத்த இடத்தில் அவை கூடப் பிறந்தவை போல இருக்கும். இதை எப்படிச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருப்பேன்.

வாங்கும்போது அவளுக்கு ஒரு விதி உண்டு. பிடித்ததைத் திட்டுவாள்.* பிடிக்காததைப் புகழ்வாள். "ஆகா, என்ன வேலைப்பாடு!" என்று சொன்னால் அதைத் தாண்டிப் போகிறாள் என்று பொருள். கடைக்காரர் முன்னால் ஆசையைக் காட்டினால் விலை ஏறும். அவ்வளவுதான் காரணம். ஆனால் பல வருடப் பழக்கம் அவளுக்குச் சுபாவமாகிவிட்டது.

* என்னையும் சின்ன வயதிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள். இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கதைக்கு அது தேவையில்லை.

3

வாடகை வீடுகளுக்குப் பிறகு அக்கா சொந்தமாக ஒரு வீடு வாங்கினாள். கூடத்தில் ஒரு பெரிய சுவர். அதில் ஒரு ஆணிகூட அடிக்க விடவில்லை. கேட்டால், "அதுக்கான ஆள் இன்னும் வரல" என்பாள்.

ஆள் அந்தக் கடையின் கடைசி அறையில் நின்றிருந்தது.

ஆளுயரம். கருத்த மரம். முன்பக்கம் புடைத்து வளைந்திருந்தது. கதவுக் கண்ணாடிகளும் அதே வளைவு. பழைய கண்ணாடி, அதற்குள் மெல்லிய அலை இருந்தது. நாம் நடந்தால் உள்ளே இருந்த கோப்பைகளும் கொஞ்சம் நடந்தன. நின்றால் நின்றன.

(இங்கே ஒரு வார்த்தை எழுதி அடித்தேன். மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். உங்களுக்குத் தெரிந்த வார்த்தைதான்.)

அக்கா அதைக் கடந்து போனாள். திரும்பினாள். மறுபடி கடந்து போனாள். கோப்பைகள் கூடவே வந்தன. அப்புறம்தான் அந்த வசை. அவள் எதையும் அவ்வளவு மனசாரத் திட்டி நான் கேட்டதில்லை.

4

என் மனைவி புதிதாக வந்தவள். கதைக்கும் குடும்பத்துக்கும். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கிறாள். வீட்டில் உப்பு கேட்டாலும் மூன்றாவது நடைமேடையில் இருப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்.

கடை வாசலில் விதியைச் சொன்னேன்.

"அக்கா எதைத் திட்டினாலும் நீ குறுக்க பேசாத."

"நான் எதுக்குப் பேசப்போறேன்? உங்கக்கா திட்டறதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டிருந்தா ஒரு நாள் போதுமா?"

அவள் விளக்குகளைப் பார்த்துவிட்டுக் கடைசி அறைக்கு வந்தபோது அக்கா முட்டி போட்டு, அலமாரியின் அடி இழுப்பறைக்குள் தன் சின்னக் கண்ணாடியை விட்டிருந்தாள். கடைக்காரர் பக்கத்தில் நின்றார். அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்: "கைப்பிடி ஒண்ணு வேற. பூச்சி வேற அரிச்சிருக்கு. இதை எவன் தூக்கிட்டுப் போவான்?"

"ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு!"

என் மனைவிதான்.

"அண்ணி, எந்திரிச்சு வந்து பாருங்க! நாம நடந்தா உள்ள எல்லாம் நடக்குது!"

கடையில் இருந்த பீங்கான் எல்லாம் கேட்டது.

அக்கா எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "உன் பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியுமாடா, தெரியாதா?" (பல்லைக் கடிக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள்.)

மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க அண்ணி, தெரியாம வந்துடுச்சு." அதுவும் அறிவிப்பாகத்தான் வந்தது.

5

கடைக்காரர் கோபப்பட்டார் என்று முதலில் எழுதினேன். கோபப்பட்டால் காட்சி நன்றாக நகரும். ஆனால் அவர் சிரித்தார்.

"விடுங்க டாக்டரம்மா. உங்க தம்பி சம்சாரம் சொல்லித்தானா எனக்குத் தெரியணும்? நீங்க எதைத் திட்டுவீங்கன்னு பார்த்து, முன்னாடியே துடைச்சு வெச்சிருப்பேன். நீங்க திட்டினா அது நல்ல பொருள். அப்படி ஒரு கண்ணு உங்களுக்கு."

"அப்போ இத்தனை நாளா?"

"இத்தனை நாளா நீங்க திட்டினீங்க, நான் கொடுத்தேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அந்த விளக்கை ஒட்டகம்னு சொன்னீங்களே, வீட்டுல போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்."

பிறகு துணியால் அலமாரியின் வளைவை ஒரு முறை துடைத்தார்.

"ஆனா இதை மட்டும் திட்டி வாங்கக் கூடாதும்மா. ஒரு வீட்டுல இதைப் பாத்ரூம் வாசல்ல போட்டு ஈரத் துணி காயவெச்சிருந்தாங்க. கண்ணாடி உடையாம கொண்டாந்து சேர்க்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு. வந்ததிலேருந்து இதுக்கு முன்னாடி உக்காந்துதான் டீ குடிக்கிறேன். இன்னொருத்தர் கேட்டிருக்கார். ஹோட்டல் அலங்காரம் பண்றவர். இந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு பிளாஸ்டிக் போட்டு, உள்ள கலர் விளக்கு வைப்பாராம். இப்போ போன் பண்ணுவார். நான் ஆமான்னு சொல்லணும், இல்லேன்னா முடியாதுன்னு சொல்லணும்."

"சரி, நானே வாங்கித் தொலைக்கிறேன்."

"வேண்டாத பொருளை எடுத்துட்டுப் போற மாதிரியில்ல சொல்றீங்க? இது உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னா சொல்லுங்க. வாயால சொல்லணும். விலை ஏத்த மாட்டேன்."

(ஹோட்டல்காரரை எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கதைக்கு ஒரு அவசரம் தேவைப்படும்போது சரியாக வந்து சேருகிறார். முகம்கூட இல்லை. எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் இல்லாவிட்டால் அக்கா நாளைக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விடுவாள். இருக்கட்டும்.)

6

அக்கா எழுந்து நின்றாள். வாய் திறந்தாள். மூடினாள்.

குறை சொல்ல அவளிடம் ஆயிரம் வார்த்தை இருக்கிறது. குறையில்லாத பல்லைப் பார்த்தால் "ஒண்ணுமில்ல, போகலாம்" என்றுதான் சொல்வாள். அவள் வாயிலிருந்து வரும் மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

"கைப்பிடி ஒண்ணு மாத்தியிருக்கு" என்று தொடங்கினாள்.

கடைக்காரர் காத்திருந்தார்.

"மாத்தினவன் மத்ததைப் பார்த்து அதே மாதிரி கடைஞ்சிருக்கான். தேய்மானத்தைக்கூடக் கடைஞ்சிருக்கான்."

"ம்."

"பின்பக்கம் பார்த்தேன். செவுத்தை ஒட்டி நிக்கப்போற பக்கம். ஒரு பய பார்க்கப்போறதில்ல. அதையும் இழைச்சு, மெருகு போட்டு, ஓரத்துல ஒரு கோடு இழுத்திருக்கான். எதுக்கு அந்தக் கோடு? யாருக்கு?" வளைவின் மேல் விரலை ஓட்டினாள். "வளைஞ்ச கண்ணாடி, வளைஞ்ச மரம், ரெண்டும் வேற வேற ஆளு செஞ்சிருப்பாங்க. ஒரு மயிரிழை இடைவெளி இல்ல. நானெல்லாம் ஒரு பல்லுக்கு உறை போட்டுட்டு அன்னிக்குப் பூரா பெருமையா திரிவேன்."

கடைக்காரரின் கை துடைப்பதை நிறுத்தியிருந்தது.

அக்கா அலமாரியைப் பார்த்து, கோப்பைகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஏதோ சொன்னாள்.

"அண்ணி, கேக்கல" என்றாள் என் மனைவி.

"உனக்கு வாய் அடங்காதா?"

"நீங்க சொன்னது அவருக்குக் கேக்கலன்னு சொன்னேன்."

அக்கா அவளை முறைத்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் கண்ணாடியில் அலையாகத் தெரிந்தார்கள்.

"அழகா இருக்கு" என்றாள் அக்கா, உரக்க. "எனக்கு வேணும்."

அப்போது தொலைபேசி அடித்தது.

7

முடிவு ஒன்று. கடைக்காரர் எடுத்து, "வித்தாச்சுங்க" என்கிறார். அலமாரி அக்கா வீட்டுக்குப் போகிறது. இதை எழுதியபோது கை தானாகவே ஓடியது. அப்படி ஓடும்போது எனக்குச் சந்தேகம் வரும்.

முடிவு இரண்டு. கடைக்காரர் ஹோட்டல்காரருக்கு முன்பே வாக்குக் கொடுத்திருக்கிறார். "வாங்க, எடுத்துக்கங்க" என்கிறார். சுவர் வெறுமையாகவே இருக்கிறது. இதன் கீழே 'ஆனாலும் அக்கா ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டாள், அதுவே போதும்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். போதாது. அக்காவுக்கு அலமாரி வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றை எழுதத் தொடங்கி

அதுவும் வேண்டாம். இந்த மூவரையும் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிடித்தவர்களுக்கு நான் எழுதும் முடிவை நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பவும் கூடாது.

கடைக்காரர் அந்தக் கண்ணாடியை வண்டியில் எப்படிப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பின்பக்கக் கோட்டைப் பார்த்தவள் யாரென்றும் தெரியும். இவ்வளவும் தெரிந்த பிறகு அதை ஹோட்டலுக்குக் கொடுக்க மனசு வந்தால், கொடுங்கள். நான் தடுக்கமாட்டேன்.

தொலைபேசி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரருக்குக் கண் கலங்கியிருக்கிறது, துணியைத் தேடுகிறார். துணி தோளில்தான் இருக்கிறது. தொலைபேசிக்குப் பக்கத்தில் உங்களைத் தவிர யாரும் இல்லை.

நீங்கள் எடுங்கள்.